இறக்கத்தில் இரையும் எஞ்சின்: வாகனம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொண்ட ஐந்து கடிதங்களும் ஒரே விடயத்தைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. பாடசாலை விடுமுறைக்கு மலைநாடு சென்று திரும்பியவர்கள், எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்து இயக்கும் தமது ஹைபிரிட் கார் இறக்கத்தில் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு குழம்பியிருக்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஓட்டப் பழகியவர்களுக்கு ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். குடும்பிமலையைக்கூட நாம் தூரத்தில் நின்று பார்த்தே பழகியவர்கள். ஆகவே இந்தக் குழப்பத்தில் வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி: 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா வைத்திருக்கிறேன். மனைவி, இரு பிள்ளைகள், மச்சான் ஆகியோருடன் எல்லவுக்குப் போய், வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக அம்பாறைக்கு இறங்கி வீடு திரும்பினோம். எல்ல நகரைத் தாண்டி இறங்கத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பற்றரியின் கட்டங்கள் அனைத்தும் நிறைந்துவிட்டன. அதன்பின் நான் அக்சிலரேற்றரைத் தொடாமலே எஞ்சின் பெரிதாக இரையத் தொடங்கியது. பெற்றோல் வீணாகிறது, நியூட்ரலில் போட்டு இறக்குங்கள் என்று மச்சான் சொன்னார். ஊருக்கு வந்து ஒரு கராஜில் காட்டியபோது இன்வேர்ட்டரை (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கேற்ப மாற்றும் பகுதியை) கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், கல்லடி)

பதில்: நீங்கள் விபரித்தவற்றில் பழுதுக்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாதவரை இன்வேர்ட்டரைத் திறக்க அனுமதிக்க வேண்டாம். நீங்கள் கேட்ட இரைச்சல், கார் தன் வேகத்தைத் தானே பிடித்து நிறுத்த முயன்ற சத்தமாகும்.

பழைய லொறிச் சாரதிகளிடம் வண்டி பழகியவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சில்லுகள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால், எஞ்சின் ஒரு பாரமாக நின்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பிறேக் தன் வலுவை அவசரத்துக்காக மிச்சம் வைத்திருக்கும். உங்கள் அக்குவாவில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அப்படித் தெரிவுசெய்யக்கூடிய கியர்கள் இல்லை. ஒரு கோள் பற்சில்லுத் தொகுதியும் இரண்டு மின்மோட்டர்களும் எஞ்சினும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடக்க, எது எப்போது சுழல வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. நீங்கள் காலை எடுத்ததும் சில்லுகளோடு இணைந்த மின்மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, காரின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது. அதுதான் முதல் பிறேக். ஆனால் அந்தப் பிறேக், பற்றரியில் இடம் இருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும்.

அந்த இடம் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில் கிடக்கிறது. முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 850 மீற்றர் இறங்குகிறீர்கள். காரும் ஆட்களும் பெட்டிகளுமாக 1,400 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தில் சேர்ந்திருந்த சக்தி மூன்று கிலோவாற்று மணிக்கு மேல் வரும். அதாவது மின்சாரப் பட்டியலில் நாம் பணம் கட்டுகிற அலகில் மூன்றுக்கு மேல். ரயரின் உருளல் எதிர்ப்பும் காற்றின் எதிர்ப்பும் தின்றது போக, என் கணக்கில் ஒன்றரை முதல் இரண்டு அலகு வரை எங்காவது போய்ச் சேர வேண்டும். அக்குவாவின் 144 வோல்ற்றுப் பற்றரி முழுவதுமே ஓர் அலகுக்குச் சற்றுக் குறைவானது. அதிலும் கணினி, பற்றரியின் ஆயுளைக் காப்பதற்காக ஏறத்தாழ 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடைப்பட்ட பகுதியையே பயன்படுத்துகிறது. எல்லவில் புறப்படும்போது அது பாதிக்கு மேல் நிறைந்திருந்தால், உள்ளே செல்லக்கூடியது ஓர் அலகின் ஐந்தில் ஒரு பங்குதான். குடத்தில் கொள்ளாத வெள்ளத்தைக் குடத்துக்குள் ஊற்றப் பார்த்த கதை இது. போதாததற்கு உங்கள் பற்றரி பத்து வயதைத் தாண்டியது; வயதான பற்றரியில் கட்டங்கள் வேகமாக நிறைந்து வேகமாகவே இறங்கும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், நமது வீதிகளில் ஓடும் ஹைபிரிட்டுகளில் பல இந்த வயதுக்காரர்களே.

குடம் நிறைந்தபின் கணினி என்ன செய்கிறது? சில்லுகளிலிருந்து வரும் மின்சாரத்தை இரண்டாவது மின்மோட்டருக்குத் திருப்பிவிட்டு, அதைக்கொண்டு எஞ்சினை வேகமாகச் சுழற்றுகிறது. அப்போது எஞ்சினுக்குள் பெற்றோல் தெளிக்கப்படுவதில்லை. எஞ்சின் வெறும் காற்றுப் பம்பியாக மாறி, காற்றை இழுத்து, அமுக்கி, வெளியே தள்ளி, தேவையற்ற சக்தியை வெப்பமாக்கிக் கழிக்கிறது. நீங்கள் கேட்டது அந்தப் பம்பியின் சத்தம். பெற்றோல் வீணாகிறது என்ற மச்சானின் கவலை நியாயமானதாகத் தோன்றினாலும், உண்மையில் அந்தக் கணத்தில் செலவானது காற்று மட்டுமே.

நியூட்ரல் பற்றி அவர் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நியூட்ரலில் போட்டவுடன் மின்மோட்டரின் இழுப்பும் போய்விடும், எஞ்சினின் இழுப்பும் போய்விடும், பற்றரிக்கு மின்னேற்றமும் நின்றுவிடும். முன்னர் சொன்ன ஒன்றரை இரண்டு அலகு முழுவதும் நான்கு சில்லுகளின் பிறேக்கிலேயே இறங்கும். இருபது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. பெற்றோல் மிச்சம் பிடிக்கும் இந்தப் பழக்கம் கார்பரேட்டர் காலத்தில் நம்மவர்களிடம் தொற்றியது. இன்றைய எந்தக் காருக்கும் அது பொருந்தாது, ஹைபிரிட்டுக்கோ கொஞ்சமும் பொருந்தாது.

அடுத்தமுறை எல்லவிலிருந்து இறங்குவதற்கு முன்பே, இராவணன் நீர்வீழ்ச்சியை எட்டுவதற்கு முன்னதாக, கியர் லீவரை ‘டி’யிலிருந்து ‘பி’க்கு (ஆங்கில B; நிறுத்தும்போது போடும் P அல்ல) மாற்றிவிடுங்கள். அந்த எழுத்து அங்கே இருப்பது இதற்காகத்தான். அப்போது எஞ்சின் தொடக்கத்திலிருந்தே தன் பங்கைச் சுமக்கும். பற்றரி மெதுவாக நிறையும். இரைச்சலும் திடீரென்று வந்து உங்களைத் திடுக்கிட வைக்காது.

கேள்வி: ‘பி’யில் ஓட்டினால் பற்றரி கூடுதலாகச் சார்ஜ் ஆகும், பெற்றோல் மிஞ்சும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனது வாப்பா தனது பிரியஸை ஊருக்குள்ளும் ‘பி’யிலேயே ஓட்டுகிறார். கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாக வரும்போது பதினெட்டு வளைவில் எதைப் பயன்படுத்துவது சரி? (ஒரு வாசகர், காத்தான்குடி)

பதில்: நண்பர்கள் சொல்வது தலைகீழான செய்தி. ‘பி’ நிலையில் மின்னேற்றம் நிகழ்வது உண்மைதான். ஆனால் கிடைக்கும் சக்தியில் ஒரு பகுதி எஞ்சினைச் சுழற்றுவதிலேயே கழிந்துவிடுகிறது. ‘டி’ நிலையில் வைத்துக்கொண்டு பிறேக் மிதியை மெதுவாக அழுத்தினால்தான் பற்றரிக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். காத்தான்குடி பிரதான வீதியில் ‘பி’யில் ஓட்டுவதால் காருக்குக் கேடு எதுவும் வராது, ஆனால் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கார் தேவைக்கு அதிகமாக வேகம் குறைய, மறுபடியும் அக்சிலரேற்றரை அழுத்த வேண்டி வரும். வாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் கியர் லீவர் கையை விட்டதும் நடுவுக்குத் திரும்பிவிடுவதால், எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் திரையில் உள்ள எழுத்தைப் பார்த்தே அறிய வேண்டும். அவர் தெரிந்தே ‘பி’யில் ஓட்டுகிறாரா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

பதினெட்டு வளைவு வேறு விடயம். ஹசலக்கப் பக்கமாக இறங்கும்போது முதல் வளைவுக்கு முன்னரே ‘பி’யைத் தெரிவுசெய்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், அக்சிலரேற்றரிலிருந்து கால் எடுத்திருந்தால் போதும். வளைவுக்குள் நுழைந்தபின் லீவரைத் தேடுவதுதான் கூடாது. ஒன்றிரண்டு கிலோமீற்றர் மட்டுமே உள்ள சாதாரண இறக்கங்களுக்கு நான் ‘பி’யைத் தொடுவதில்லை, அந்த அளவைப் பற்றரியே உண்டு முடித்துவிடும், உண்டது அடுத்த ஏற்றத்தில் திரும்பக் கிடைக்கும். ஆனால் பாதை பழக்கமற்றதாகவோ, கார் நிறைய ஆட்களோடோ இருந்தால், இந்தச் சிக்கனக் கணக்கை விட்டுவிட்டு மலையுச்சியிலிருந்தே ‘பி’யில் இறங்குமாறுதான் எவருக்கும் சொல்வேன்.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். எஞ்சினின் இழுப்பும் மின்மோட்டரின் இழுப்பும் இந்தக் கார்களில் முன்சில்லுகளில் மட்டுமே விழுகின்றன. பிறேக் மிதியோ நான்கு சில்லுகளையும் பிடிக்கிறது. சேறும் இலையும் படிந்த ஈரமான வளைவில் ‘பி’யை மட்டும் நம்பிப் பாயாமல், வளைவுக்கு முன்பே மிதியால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக ஊருக்குத் திரும்பினோம். கணவர் பிறேக்கை ஒருபோதும் பலமாக அழுத்தவில்லை. மிதியை மெதுவாகத் தொட்டபடியேதான் இறங்கினார். ஹைபிரிட்டில் அப்படி இறங்கினால் பிறேக் தேயாது என்று எங்கோ வாசித்திருக்கிறார். ஆயினும் பாதி இறக்கத்தில் எரிந்த வாடை வந்தது; பிறேக் மிதி வழமைக்கு மாறாக மெத்தென்று இறங்கியது. பயந்துபோய் ஒரு தேநீர்க்கடையருகே நிறுத்தினோம். ஆறியபின் எல்லாம் சரியாகிவிட்டது. இனிக் கவலையில்லையா? (ஓர் ஆசிரியை, செங்கலடி)

பதில்: நிறுத்தியது மிகச் சரியான முடிவு. கவலை நீங்கிவிட்டதாக மட்டும் எண்ண வேண்டாம்.

உங்கள் கணவர் வாசித்தது பாதி உண்மை. மறுபாதி எழுதப்படாமல் போயிருக்கலாம். ஹைபிரிட்டில் மிதியை மெதுவாக அழுத்தும்போது முதலில் வேலை செய்வது மின்மோட்டர்தான். சில்லோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடான பிறேக் பாட் அதைத் தொடுவதுகூட இல்லை எனலாம். பற்றரியில் இடம் இருக்கும்வரை அவர் செய்தது மிகச் சிறந்த ஓட்டம். ஆனால் பற்றரி நிறைந்த கணத்தில், அதே மிதியில், அதே அழுத்தத்தில், வேலை மின்மோட்டரிடமிருந்து பாட்டுக்குக் கைமாறிவிடுகிறது. காரை வடிவமைத்தவர்கள் இந்தக் கைமாற்றத்தைச் சாரதி உணராதபடி அமைப்பதற்குப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். சமதரையில் அது பாராட்டத்தக்க திறமை, மலையிறக்கத்தில் அதுவே மறைவான ஆபத்து. கால் ஒன்றையே செய்துகொண்டிருக்கும். கீழே நடப்பது முற்றிலும் வேறாகிவிட்டிருக்கும். பசறையிலிருந்து இறங்குவோர் வேகமானியைப் பார்ப்பதைப் போலப் பற்றரியின் கட்டங்களையும் இடையிடையே பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எட்டுக் கட்டங்களும் நிறைந்த பின்னர் மிதியைத் தொட்டபடி இறங்குவது, சாதாரண காரில் அப்படி இறங்குவதற்குச் சமம்: பாட்டுக்கு ஆறுவதற்கு ஓய்வே கிடைப்பதில்லை. அந்த நிலையில் ‘பி’யில் போட்டு, வேகம் கூடும்போது மட்டும் சில விநாடிகள் உறுதியாக அழுத்திக் குறைத்து, பின்னர் மிதியை முற்றாக விட்டுவிட வேண்டும்.

மிதி மெத்தென்று போனதற்குக் காரணம் பெரும்பாலும் பிறேக் ஒயில். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; வாவியும் கடலும் சூழ்ந்த நமது ஊர்களில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தரநிர்ணயத்தின்படி புதிய டொட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காதிருக்க வேண்டும். ஈரம் ஊறியபின் அந்த எல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. டொட் 4 எண்ணெய்க்கு இவை முறையே 230, 155 பாகை. சூடேறிய பாட்டின் வெப்பம் எண்ணெயை எட்டிக் கொதிக்க வைத்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி தரைவரை இறங்கியும் பிறேக் பிடிக்காமல் போகலாம். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி மிதி கெட்டிப்படுவதால், எல்லாம் சரியாகிவிட்டது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. எண்ணெய் மாறவில்லை, அடுத்த இறக்கத்தில் அது மீண்டும் கொதிக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பிறேக் ஒயிலை மாற்றுங்கள். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவர் மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றெடுக்கும் வழமையான முறை இந்தக் கார்களுக்குப் போதாது. பிறேக் அமுக்கத்தை மின்சாரத்தால் உண்டாக்கும் அமைப்பு உள்ளே இருப்பதால், கணினிக் கருவியை இணைத்துத்தான் காற்றெடுக்க வேண்டும். அந்தக் கருவி உள்ள இடத்துக்கே கொண்டுபோங்கள், சற்றுத் தூரமானாலும் பரவாயில்லை.

அப்போதே நான்கு சில்லுகளையும் கழற்றி, பாட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் ஊசிகள் இலகுவாக நகர்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஹைபிரிட்டின் பாட்டுகள் நெடுங்காலம் தேயாமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் உழைக்காத இரும்பைக் கடற்காற்று விடுவதில்லை. ஊசி துருப்பிடித்து இறுகிப்போன சில்லில் பாட் எப்போதும் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருக்கும். எரிந்த வாடை ஒரு பக்கத்துச் சில்லிலிருந்து மட்டும் வந்திருந்தால் என் சந்தேகம் முதலில் இதன்மீதே விழும்.

மீண்டும் அப்படி நேர்ந்தால், பாதுகாப்பான சமதரையில் நிறுத்தி, ‘பார்க்’கில் போட்டு, ரயருக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற எவராவது ஓடி வந்தால் தடுத்துவிடுங்கள். திடீர்க் குளிர்ச்சியால் டிஸ்க் கோணக்கூடும்.

பின்னிருக்கையில் பெட்டிகளையும் தலையணைகளையும் அடுக்கிக்கொண்டு பயணம் செய்பவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். பற்றரிக்குக் குளிர்காற்று போகும் துவாரம் பின்னிருக்கையின் அருகே இருக்கிறது. அது மூடப்பட்டாலோ, அதன் வலையில் தூசி அடைத்தாலோ பற்றரி சூடாகும். சூடான பற்றரிக்குள் செல்லும் மின்சாரத்தைக் கணினி மட்டுப்படுத்திவிடும். அப்போது கட்டங்கள் நிறைவதற்கு முன்பே பாட்டுகளுக்கு வேலை கூடிவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது சுசுக்கி வாகன் ஆர் ஹைபிரிட். அதில் ‘பி’ என்ற எழுத்தே இல்லையே? (ஒரு வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அது மென் ஹைபிரிட் வகை. அதன் மின்மோட்டர் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் அளவுக்கே சிறியது, பற்றரி அதைவிடச் சிறியது. இறக்கத்தில் காரைப் பிடிக்கும் வலு இரண்டுக்கும் இல்லை. ஆனால் எஞ்சின் சில்லுகளோடு சாதாரண காரில் போலவே இணைந்திருப்பதால், மாதிரிக்கேற்ப ‘எல்’ அல்லது ‘எஸ்’ என்று குறித்துள்ள நிலையில் போட்டால் எஞ்சின் நன்றாகவே பின்னுக்கு இழுக்கும். உங்களுக்கு லொறிக்காரர்களின் பழைய பாடமே போதும்.

கேள்வி: ‘பி’யில் வேகம் குறையும்போது பின்னால் பிறேக் விளக்கு எரியுமா? (ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: அக்குவா, பிரியஸ் போன்ற கார்களில் எரியாது, மிதியைத் தொட்டால்தான் எரியும். பின்னால் பஸ் ஒட்டி வருவதைக் கண்ணாடியில் கண்டால், வேகம் குறைகிற இடத்தில் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மிதியை ஓரிரு முறை இலேசாகத் தொட்டுவிடுங்கள்.